சோறும் கூரையும் கலைஞனின் உரிமை

(தேவனூர் நாட்டில் இளைஞர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



கூட்டம் ஆரம்பமாகும் முன், படம் வரையும் தம்பி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஐரோப்பாவிலே கலைஞனைக் கூப்பிட்டு, தங்க இடம் கொடுத்து, சாப்பாட்டுச் செலவுக்குப் பணமும் கொடுத்து, உன் வேலையைச் செய் என்று விட்டுவிடுகிறார்களாமே, நிஜமா? நம்மைப் போன்றவர்களுக்கும் அது கிடைக்குமா?"

நிஜம்தான். கிடைக்கவும் கிடைக்கும். ஆனால் அது என்ன ஏற்பாடு, யார் பணத்தில் நடக்கிறது, பதிலுக்கு என்ன கேட்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மரவள்ளிக் கிழங்கை விற்கும்போது தராசைப் பார்க்காமலா விற்கிறோம்? இதிலும் தராசைப் பார்ப்போம்.

அது என்ன ஏற்பாடு?

ரெசிடென்சி என்று இதற்குப் பெயர். கலைஞன் சில மாதமோ, ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ ஓரிடத்தில் தங்கி வேலை செய்வது. பாரிஸ் நகரில் சீன் நதிக்கரையில் 1965ல் 'சர்வதேசக் கலை நகர்' என்ற ஸ்தாபனம் திறக்கப்பட்டது. அங்கே 300க்கும் மேற்பட்ட ஸ்டுடியோக்கள் உண்டு. ஒரே இடத்திலேயே கலைஞன் குடியிருக்கலாம், வேலையும் செய்யலாம். பல நாட்டு அரசுகளும் கலை ஸ்தாபனங்களும் அங்கே தங்கள் கலைஞர்களுக்கென்று ஸ்டுடியோ வைத்திருக்கின்றன.

ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அகாடமி இருக்கிறது. 1870ல் கலைப் பள்ளியாகத் தோன்றியது. 1980களில் தங்கிப் படைக்கும் இடமாக மாறியது. அது இன்று இயங்குவது ஒரு பழைய குதிரைப்படைப் பாசறையில். குதிரைகளும் சிப்பாய்களும் இருந்த இடத்தில் இன்று பல நாட்டு ஓவியர்களும் சிற்பிகளும் வேலை செய்கிறார்கள். படையின் கட்டடம் கலைக்குப் பயன்படுவதை நாம் மனமார வரவேற்கிறோம்.

யார் பணம்? என்ன நோக்கம்?

இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. 1666ல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி ரோம் நகரில் ஓர் அகாடமியை நிறுவினான். பிரான்சிலிருந்து போன இளம் கலைஞர்களுக்குச் சாப்பாடும் அறையும் கிடைத்தன. பதிலுக்கு, ரோமாபுரியின் பழஞ்சிலைகளைப் பார்த்து மன்னனின் மாளிகைகளுக்காகப் பிரதி செய்து அனுப்ப வேண்டும். சோறு மன்னனுடையது, சிலையும் மன்னனுக்கே போயிற்று.

அடுத்து பெர்லினைப் பாருங்கள். 1961ல் நகரின் நடுவே சுவர் எழுந்தது. 1963ல் அமெரிக்காவின் ஃபோர்டு பவுண்டேஷன் மேற்கு பெர்லினுக்கு வெளிநாட்டுக் கலைஞர்களை அழைத்துத் தங்க வைக்கத் தொடங்கியது. பனிப்போர்க் காலம் அது. கலை செழிக்கும் நகரம் என்று மேற்கு பெர்லினை உலகுக்குக் காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. சில ஆண்டுகளில் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற ஸ்தாபனம் அந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. இன்றும் அது நடக்கிறது.

ஆகவே அங்கே போனவர்கள் எல்லாரும் விலை போனவர்கள் என்று முடிவு கட்டலாமா? கூடாது. எமிலியோ வெதோவா என்ற இத்தாலிய ஓவியர் அந்த முதல் அழைப்பில் போனவர்களில் ஒருவர். பாசிச எதிர்ப்புப் போரில் கெரில்லாப் படையில் நின்றவர். அவருக்கு பெர்லினில் கிடைத்த ஸ்டுடியோ எது தெரியுமா? ஹிட்லர் ஆட்சியின் செல்லச் சிற்பி அர்னோ பிரெக்கருக்காகக் கட்டப்பட்ட மாபெரும் கூடம்! அதே கூடத்தில் நின்று, பிளவுபட்ட அந்த நகரத்தின் வேதனையை உடைந்த பலகைகளிலே தீட்டினார் வெதோவா. 'அபத்தமான பெர்லின் நாட்குறிப்பு' என்று அதற்குப் பெயரிட்டார். இடம் யாருடையதாகவும் இருக்கலாம். கையை அடகு வைக்காதவன் கலைஞனாகவே திரும்புகிறான்.

இன்னொன்று. இந்தியக் கலைஞர்கள் பிரிட்டனுக்குப் போய்ச் சில காலம் வேலை செய்ய உதவும் சார்லஸ் வாலஸ் டிரஸ்ட் 1981ல் அமைந்தது. யார் இந்த வாலஸ்? கல்கத்தாவில் வாணிபம் நடத்திப் பெரும் பொருள் சேர்த்தவர், 1916ல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் இந்த உதவி வருகிறது. அதாவது, நம் நாட்டு உழைப்பில் விளைந்த செல்வத்தின் ஒரு துளி, பல பத்தாண்டு கழித்து உதவித்தொகையாக நம்மிடம் வருகிறது. அதைப் பெறுகிறவர் தலை குனிய வேண்டிய அவசியமே இல்லை.

ஓரியின் மலை சொல்லும் பாடம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்காதீர்கள். பாணரும் கூத்தரும் ஊர் ஊராய்ப் போய், ஆதரிப்பவனிடம் பல நாள் தங்கிப் பாடிய நாடு இது. அதியமானிடம் ஒளவை தங்கினாள்; பல நாள் சென்றும் முதல் நாள் போலவே அவன் உபசரித்தான் என்று அவளே பாடினாள். இந்தக் கொல்லிமலையை ஆண்ட ஓரியிடம் வந்தவர் வன்பரணர். அவர் ஓரியைப் பாடிய பாட்டு புறநானூற்றில் 153ஆவதாக இருக்கிறது. அதன் கருத்து என்ன? பரிசிலர் கூட்டம் ஓரியிடம் அணிகலன்களும் யானைகளும் பெற்றது. பசி தீர்ந்தது. பசி தீர்ந்ததாலோ என்னவோ, வாத்தியம் முழங்கியும் அவர்கள் ஆடவில்லை. பாட்டையும் மறந்துவிட்டார்கள் என்கிறார் புலவர்.

அவர் அதை ஓரியின் கொடைக்குப் புகழாகச் சொன்னார். நாம் அதை எச்சரிக்கையாகவும் படிக்கலாம். பசி கலையைக் கொல்லும்; வள்ளலின் வாசலிலேயே கிடப்பதும் கொல்லும்.

இன்னொரு பாடமும் உண்டு. காரியின் கையால் ஓரி மாண்டான். கொல்லி சேரன் கைக்குப் போயிற்று. அவனையே நம்பியிருந்த பாணர்கள் எங்கே போயிருப்பார்கள்? ஒரு மனிதனின் கொடை அவனோடு முடிகிறது. சட்டமும் மக்கள் பலமும் காக்காவிட்டால் சர்க்கார் தருவதும் அப்படித்தான். 2011ல் நெதர்லாந்து அரசு கலைக்கான செலவில் 200 மில்லியன் யூரோவை வெட்டப்போவதாக அறிவித்தது. நாம் மேலே சொன்ன ரைக்ஸ் அகாடமி போன்ற ஸ்தாபனங்களும் அந்த வெட்டுக்குத் தப்பவில்லை. கலைஞர்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள்.

நம்மவர் கண்ட வழிகள்

நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் ஒன்று சேர்ந்தார்கள். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பகலில் கைத்தொழில், மிஞ்சிய நேரத்தில் கலை. அந்தக் கூட்டத்திலிருந்து விசுவநாதன் 1968ல் பாரிசுக்குப் போய் உலகறிந்த ஓவியரானார். முதலில் சொந்தக் காலில் நின்றார்கள். பிறகு வெளிநாடு போனார்கள். இந்த வரிசை முக்கியம்.

வேறொரு விதமான தங்கலும் உண்டு. 1946 டிசம்பரில் சோமநாத் ஹோர் என்ற இளம் ஓவியரைக் கம்யூனிஸ்ட் கட்சி வங்காளத்தின் ரங்பூருக்கு அனுப்பியது. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுக் குத்தகை விவசாயிகள் தெபாகா போராட்டம் நடத்திய நேரம் அது. விவசாயிகளோடு இருந்து, அவர்கள் முகங்களை வரைந்து, நாட்குறிப்பும் எழுதினார். ஸ்டுடியோ இல்லை, உதவித்தொகை இல்லை. ஆனால் அந்தக் கோடுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. மக்களிடையே வாழ்வதும் ஒரு ரெசிடென்சிதான், தோழர்களே!

போகிறவர் கேட்க வேண்டியவை

போக நினைப்பவர்கள் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பயணச் செலவு யாருடையது? அறை, சாப்பாடு, சாமான்களுக்குப் பணம் தருகிறார்களா, அல்லது நம்மிடமே வாங்குகிறார்களா? ஏனென்றால் கலைஞனிடம் கட்டணம் வாங்கும் இடங்களும் பல உண்டு. முடிவில் படைப்பு யாருக்குச் சொந்தம்? அங்கே நம் நேரம் முழுவதும் நம்முடையதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விசா விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதற்கு மேலென்றால் அந்தந்த நாட்டின் தனி விசா வேண்டும். ஷெங்கன் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. அதாவது பல ஆயிரம் ரூபாய். மறுத்துவிட்டாலும் பணம் திரும்பாது. எத்தனை மூட்டை கிழங்கு விற்றால் இந்தப் பணம் வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். விண்ணப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பட்டணத்தில் வசதியோடு படித்தவனுக்கு வாசல் அகலமாகத் திறக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து வாழ்கிறவனுக்கு அது ஊசிக் கண்ணாக இருக்கிறது. திறமையிலே குறைவில்லை, வசதியிலேதான் குறைவு.

ஆகவே நமது கோரிக்கை இரண்டு பக்கம் நிற்க வேண்டும். வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் விண்ணப்பம் எழுத, பயணத்துக்கு உதவ அரசு முன்வர வேண்டும். அதைவிட முதன்மையாக, இங்கேயே இடம் வேண்டும். ஆண்டுதோறும் செம்மேட்டில் ஓரி விழா எடுக்கிறார்கள், மகிழ்ச்சி. விழா முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் முதல், பறை அடிக்கிறவரும், மரம் செதுக்குகிறவரும், படம் வரைகிறவரும் எங்கே உட்கார்ந்து வேலை செய்வார்கள்? ஒரு நாளைக்கு மாலை போட்டால் ஆண்டு முழுவதும் அடுப்பு எரியுமா? பயன்படாமல் கிடக்கும் ஒரு பொதுக் கட்டடம், ஒரு மாத உதவித்தொகை, சமவெளிக் கலைஞரும் மலைக் கலைஞரும் சேர்ந்து தங்கும் ஓர் ஏற்பாடு: இது பெரிய கேள்வியல்ல. கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். கையெழுத்துச் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

மலையைப் படமெடுக்க வெளியிலிருந்து வருகிறவர்களிடமும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நம் முகம், நம் பாட்டு, நம் வேலைப்பாடு யாருக்குச் சொந்தமாகிறது? எங்களுக்கு என்ன பங்கு?

விளைவித்தவன் விலை கேட்பதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை. பாடுகிறவன், வரைகிறவன், செதுக்குகிறவன் சோறும் கூரையும் நேரமும் கேட்பதும் அப்படியே. அதை உரக்கக் கேளுங்கள். ஒன்றாகச் சேர்ந்து கேளுங்கள்!