ஆறாத முள் காயம்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் சீமைக்கருவேல முள் குத்தாத கால் கிடையாது. பிடுங்கி எறிந்துவிட்டு உளுந்துச் செடிக்குள் இறங்கிவிடுவோம். அந்தப் புண் வாரக்கணக்கில் சீழ் கட்டுகிறதா? அக்குளில் கட்டி, அது ஆறியதும் தொடையில் இன்னொன்று, நடுவே நீர்க்கடுப்பு என மாறி மாறி வருகிறதா? ‘உடம்புச் சூடு’ என்று தள்ளிப்போடாதீர்கள், சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். காசநோய் வரும் வாய்ப்பும் இரண்டு மூன்று மடங்கு கூடும்.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அக்காமார், அரைநாள் கூலி போய்விடுமே என்று பரிசோதனைக்குப் போகத் தயங்குவது எனக்குத் தெரியும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். சர்க்கரை சரியாக இருந்தும் தொற்று விடவில்லை என்றால், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இலவசம், ரகசியமும் காக்கப்படும்.