திரையில் தெரியும் தொகையும் கையில் நிற்கும் தொகையும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2012-ல் மின்னியல் பிரிவில் படித்து முடித்தவன். ஒரு நிறுவனத்தில் வேலை. ஓய்வு நேரத்தில் வீட்டு வயரிங், பம்ப்செட் மோட்டார் பற்றி யூடியூபில் ஒரு சிறிய சேனல் நடத்துகிறேன். "பசங்கள்ல நிறைய பேர் சேனல் வெச்சிருக்காங்க தம்பி. வருமானம், வரி பத்தி அரை மணி நேரம் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டார். "அதுக்கு ஒரு ஆடிட்டரைக் கூப்பிடலாமே சார்" என்றேன். "ஆடிட்டர் கணக்கைச் சொல்வார். எப்படிக் கணக்குப் போடணும்னு யோசிக்கறதை நம்ம ஆள்தான் சொல்லணும்" என்றார். நான் ஆடிட்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

சேனல் தொடங்குவதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தில் இருந்து சமையல் செய்து காட்டும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. அது நம் கண் முன்னால் நடந்தது. அதே போல, 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்ததும் நம் கண் முன்னால்தான் நடந்தது. முதல் நாள் வரை அதில் சம்பாதித்தவர்களுக்கு மறுநாள் கடை இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இந்தத் தொழிலைப் பார்க்க வேண்டும்.

முதலில், திரையில் தெரியும் தொகை என்ன என்று பார்ப்போம். யூடியூபில் விளம்பரப் பணம் வரும் நிலைக்கு வர 1,000 சந்தாதாரர்கள் வேண்டும்; அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நீள வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு. ஷார்ட்ஸில், நம் கணக்கில் ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம். ஸ்டூடியோ பக்கத்தில் நாம் தினமும் திறந்து திறந்து பார்க்கிறோமே, அது இந்தப் பங்கு பிரித்த பிறகு வரும் தொகை. ஆனால் அதன் மேலேயே 'மதிப்பீடு' என்றுதான் போட்டிருக்கும். செல்லாத கிளிக்குகளைக் கழித்து, அடுத்த மாதம் 7-லிருந்து 12-ஆம் தேதிக்குள் இறுதித் தொகை ஆட்சென்ஸ் கணக்குக்கு வரும். 100 டாலர் சேர்ந்திருந்தால் 21-லிருந்து 26-ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள். ஏப்ரலில் சம்பாதித்தது மே மாதக் கடைசியில்தான் கையைத் தொடும்.

நடுவில் இன்னொரு கழிவு உண்டு. 2021 ஜூன் முதல், அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்கள் மூலம் வரும் பங்குக்கு அமெரிக்க வரி பிடிக்கிறார்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள ஒப்பந்தப்படி அது 15 சதவீதம். அதற்கு ஆட்சென்ஸில் வரி விவரப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்கு, உலகம் முழுவதிலும் இருந்து வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை போகலாம். தமிழ் சேனல்தானே, அமெரிக்காவில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நியூஜெர்சியிலும் டெக்சாசிலும் இருந்து பார்க்கும் நம்மவர்கள் எத்தனை பேர்! இந்தப் படிவத்தை இன்றைக்கே பாருங்கள். பத்து நிமிட வேலை.

இப்போது வரிக்கு வருவோம். 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் பழைய 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு என்று நாள் குறிக்கப்பட்டது. பிரிவு எண்களும் படிவ எண்களும் அதில் வேறு. அதனால் எண்களைச் சொல்லி உங்களைக் குழப்பப் போவதில்லை. நான் போடும் கணக்கு 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறைப்படி.

ஒரு சேனலை எடுத்துக் கொள்வோம். வருடத்துக்கு 12,000 டாலர் யூடியூபில் வருகிறது. டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால் 10,20,000 ரூபாய். நான்கு கம்பெனிகள் தலா 60,000 கொடுத்து விளம்பரம் செய்கின்றன, அது 2,40,000. ஒரு கம்பெனி 40,000 ரூபாய் போன் கொடுத்து, விமர்சனம் செய்துவிட்டு நீங்களே வைத்துக் கொள்ளுங்கள் என்கிறது. அதுவும் வருமானம்தான். "ஓசில வந்த போனுக்குமா?" என்று கேட்பீர்கள். ஆமாம். தொழில் சம்பந்தமாகக் கிடைக்கும் பொருள், வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீதம் வரி கட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது 2022 ஜூலை 1-லிருந்து வந்த விதி. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆக மொத்த வரவு 13,00,000.

செலவு: எடிட்டருக்கு மாதம் 10,000 வீதம் 1,20,000. இன்டர்நெட், கரண்ட், பயணம் 60,000. ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம், 40,000. 80,000 ரூபாய் கேமராவுக்கு 15 சதவீதம், 12,000. இரண்டையும் வருடத்தின் முதல் பாதியிலேயே வாங்கிவிட்டதாக வைத்துக் கொள்வோம். 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்தால் தேய்மானம் பாதிதான். மொத்தச் செலவு 2,32,000. மீதி 10,68,000 ரூபாய் சேனலின் லாபம்.

இந்த லாபத்துக்கு வரி எவ்வளவு? இங்கேதான் நம் பசங்க இடறுகிறார்கள். "அண்ணே, பத்து லட்சம் வந்தா எவ்ளோ வரி?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை இல்லை. வரி சேனலுக்கு இல்லை, ஆளுக்கு.

சேனல் நடத்துபவர் வேலைக்குப் போகாத தம்பி என்றால், 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். கம்பெனிகள் பிடித்த டி.டி.எஸ். 28,000 ரூபாயும் திரும்பக் கிடைக்கும். ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்காவில் பிடித்த வரி மட்டும் போனது போனதுதான். இங்கே வரியே இல்லாதபோது எதில் கழிப்பது?

அதே சேனலை, வருடம் 12 லட்சம் சம்பளம் வாங்கும் அண்ணன் நடத்துகிறார் என்று வையுங்கள். 75,000 நிலைக்கழிவு போக அவர் சம்பள வருமானம் 11,25,000. அது மட்டும் இருந்தால் அவருக்கும் வரி இல்லை. ஆபீசிலும் பிடிக்க மாட்டார்கள். சேனல் லாபத்தைச் சேர்த்தால் 21,93,000. 4 லட்சம் வரை இல்லை. அடுத்த நான்கு நான்கு லட்சங்களுக்கு 5, 10, 15, 20 சதவீதம். 20 லட்சத்துக்கு மேல் உள்ள 1,93,000-க்கு 25 சதவீதம். கூட்டினால் 2,48,250. அதில் 4 சதவீத செஸ் 9,930. ஆக 2,58,180 ரூபாய்! டி.டி.எஸ். 28,000 போக, 2,30,180 அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். அமெரிக்க வரியில் ஒரு பகுதியை இதில் கழிக்கலாம், முழுதும் கழியாது. அதை ஆடிட்டர் பார்த்துக் கொள்வார்.

ஒரே சேனல், ஒரே வீடியோ, ஒரே லாபம். தம்பிக்குப் பூஜ்யம், அண்ணனுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். அண்ணனைப் பொறுத்தவரை, சேனல் லாபத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அவருடையதே இல்லை. பணம் வந்த அன்றைக்கே அந்தக் கால் பங்கை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். விதைநெல்லில் கை வைக்காத மாதிரி அதில் கை வைக்கக் கூடாது.

வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டிக் கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. டி.டி.எஸ். போகக் கட்ட வேண்டியது 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுதும். தவறினால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி. செமஸ்டர் பீஸ் தேதி மாதிரி இந்த நான்கு தேதிகளையும் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

ஜூன் மாதத்திலேயே வருடம் முழுக்க எவ்வளவு வரும் என்று எப்படித் தெரியும்? இதற்குத்தான் எஞ்சினியரிங் படித்தோம். கூரைக்கு டிசைன் போடும்போது, மேலே வரும் பாரத்தைக் கூட்டிப் போடுகிறோம். கம்பியின் பலத்தைக் குறைத்துப் போடுகிறோம். இரண்டுக்கும் ஒரே சராசரியைப் போட்டால் கூரை நிற்காது. சேனல் கணக்கும் அப்படித்தான். ஒரே மதிப்பீடு போதாது, இரண்டு வேண்டும். குடும்பச் செலவுக்கு ஒன்று, வரிக்கு ஒன்று. செலவுக்கு, கடந்த 12 மாதங்களில் மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரி. வரிக்கு, நன்றாக ஓடினால் எவ்வளவு வருமோ அது.

மாதம் சராசரி 85,000 வரும் சேனலில், தீபாவளி சமயத்தில் 1,70,000 வரலாம். விளம்பரம் ஓய்ந்த மாதத்தில் 42,500 வரலாம். தீபாவளி மாதத்து ஸ்கிரீன்ஷாட்டை அப்பாவிடம் காட்டி, கார் லோன் போட்டு, கேம்பஸில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்ல நினைக்கும் தம்பிகள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த முடிவை 42,500-ஐ வைத்து எடுங்கள். அதிலும் வீடு நடக்கும் என்றால் தைரியமாக இறங்குங்கள். வேலையில் இருந்துகொண்டே நடத்துபவர்கள், உங்கள் நியமன உத்தரவில் வெளி வருமானம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிச் சுருக்கமாக. வருட மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். லாபம் இல்லை, வரவு. வெளிநாட்டில் இருந்து வரும் யூடியூப் பணமும் இந்த 20 லட்சத்தில் சேரும். அது ஏற்றுமதி என்பதால், முறையாக உறுதிப் பத்திரம் கொடுத்துவிட்டால் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் உள்நாட்டுக் கம்பெனி விளம்பரத்துக்கு 18 சதவீதம் பில்லில் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் நம் கைக்காசு.

கடைசியாக, ஹாஸ்டல் நண்பர்களுக்கு. நாலு பேர் சேர்ந்து சேனல் தொடங்குகிறீர்கள். ஆட்சென்ஸ் கணக்கு ஒருவன் பெயரில். பணம் முழுதும் அவன் பான் எண்ணில் பதிவாகும். அவன் நாலாகப் பிரித்துக் கொடுத்துவிடுவான். மறு வருடம் வரித்துறை அவனிடம் மட்டும் கேட்கும். "மச்சான், என் பங்கு வரியைக் கொடுடா" என்று அவன் கேட்கும்போது பழைய நட்பு இருக்காது. முதல் டாலர் வருவதற்கு முன்பே யாருக்கு எத்தனை பங்கு, வரி எப்படி என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பங்கைக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் பில் வாங்குங்கள். வங்கி வழியாகவே கொடுங்கள். பாட்டி சமைக்க, பேரன் படம் எடுக்கும் சேனலுக்கும் இதுவேதான். உழைப்பு யாருடையதோ வருமானம் அவருடையது. வரியைக் குறைக்க அம்மா பெயரில் கணக்கைத் திறந்து வைப்பது பின்னால் பதில் சொல்ல முடியாத வேலை.

இன்று இரவு அறைக்குப் போனதும் ஒரு நோட்டு எடுங்கள். மூன்று பத்தி போடுங்கள்: திரையில் தெரிந்தது, வங்கிக்கு வந்தது, வரிக்கு எடுத்து வைத்தது. மாதம் ஒரு வரி எழுதினால் போதும். ஆடிட்டரிடம் போகும்போது அந்த நோட்டோடு போங்கள்; அவரும் மகிழ்வார், பீஸும் குறையும். நம் கல்லூரிப் பிள்ளைகள் செய்யும் வீடியோவை ஊர் பார்க்கட்டும். கணக்கை யார் பார்த்தாலும் சரியாக இருக்கட்டும்.