பதில் வராத ஜெபமும் அடுத்த கட்டிலும்

பட்டம் பெறும் செவிலியர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் என் வாழ்த்துகள். இந்தப் புழுக்கத்தில் கறுப்பு அங்கியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எழுந்திருக்கிறேன்.

என் பணிக்காலம் முழுக்கத் தண்டுவடம் அடிபட்டவர்களோடு கழிந்தது. பனைமரத்திலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர். முதல் வாரம் எல்லோரும் கேட்பது, "டாக்டர், எப்போ நடப்பேன்?" சில வாரம் போனால் கேள்வி மாறிவிடும்: "ஆண்டவர் ஏன் என் ஜெபத்தைக் கேட்கலை?" முதல் கேள்விக்கு எக்ஸ்ரே படத்தைக் காட்டி ஏதாவது சொல்லலாம். இரண்டாவது கேள்வி, இரவுப் பணியில் இருக்கும் உங்களிடம்தான் வரும். அதைப் பற்றியே பேசுகிறேன்.

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஓர் இளம் மருத்துவர் இருந்தார். கேரளத்துப் பெண். 1954-ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. போன உணர்வு திரும்பவேயில்லை. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்துவதில் முன்னோடியான பால் பிராண்ட் அங்கே இருந்தார். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே என்று அவர் வழிகாட்ட, மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே கத்தியைக் கையில் எடுத்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1963-ல் அதற்கென்று வேலூரில் தொடங்கிய துறைக்குத் தலைவரானார். 1966-ல் மறுவாழ்வு மையம் வந்தது, 1972-ல் பத்மஸ்ரீ.

சாட்சிக் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லி, "எல்லாம் நன்மைக்கே" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1954-க்கும் 1963-க்கும் நடுவே ஒன்பது வருஷம் இருக்கிறதே! துறையும் விருதும் வரப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அந்த வருஷங்களை எதைப் பிடித்துக்கொண்டு கடப்பது?

தண்டுவட வார்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பீர்கள். நடுச்சாமத்தில் இருவராக நின்று, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள். புரட்டுவதால் தண்டுவடம் ஒட்டாது. விட்டுவிட்டால் புண் விழும். புண் புரையோடினால் உயிருக்கே ஆபத்து. ஜெபத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். இழந்ததெல்லாம் அதனால் திரும்பிவிடுவதில்லை. ஆனால் உள்ளே அழுகிப்போகாமல் மனுஷனைக் காப்பாற்றி வைக்கிறது. நாளைக்கு ஒரு வேலை வந்தால் ஆள் இருக்க வேண்டுமே!

அந்த ஜெபத்தில் என்ன சொல்வது? நான் படித்த காலத்தில், தேர்வு மாதம் வந்தால் விடுதி ஜெபக்கூட்டத்தில் இடம் கிடைக்காது. ரிசல்ட் வந்த மறுவாரம் ஆர்மோனியம் வாசிப்பவரும் வார்டனும்தான் மிச்சம். மெஸ் சாம்பாரைப் பற்றிச் சொன்ன குறையில் பாதியை ஆண்டவரிடம் சொல்லியிருந்தால் நாங்கள் பெரிய ஜெபவீரர்களாகியிருப்போம்! ஆனால் ஆண்டவரிடம் குறை சொல்வது அவிசுவாசம் என்றல்லவா சொல்லி வளர்த்தார்கள்? வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முறையீடுகள். 88-ஆம் சங்கீதம், ஆறுதல் எதுவும் கிடைக்காமல், நண்பர்களும் விலகிப்போன நிலையிலேயே முடிகிறது. கெத்செமனேயில் இயேசுவும் பாத்திரம் நீங்கும்படி கேட்டார். நீங்கவில்லை. கேட்டது தவறு என்று எந்தச் சுவிசேஷமும் எழுதவில்லை.

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிழவனின் உபதேசம் என்று நினைத்தாலும் சரி. எந்த நோயாளியிடமும் "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லாதீர்கள். விழுந்து கிடப்பவர்மேல் பழியையும் போடுகிற வேலை அது. அழுதால் அழ விடுங்கள். ஆண்டவரைத் திட்டினால் திட்ட விடுங்கள். திட்டுகிறவர் இன்னும் அவரோடு பேச்சை நிறுத்தவில்லை. ஜெபிக்கச் சொன்னால் இரண்டு வரி ஜெபியுங்கள். வேறு சாமியைக் கும்பிடுகிறவர் என்றால் அவர் கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருங்கள். பிறகு தலையணையைச் சரிசெய்யுங்கள்.

உங்களுக்கும் கெட்ட நாள் வரும். வீட்டில் கடன் இருக்கும், சம்பளம் போதாது, ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பார்த்த பிள்ளை விடிவதற்குள் போய்விடும். அன்றைக்கு அழகான வார்த்தை தேடாதீர்கள். மனதில் இருப்பதை இருக்கிறபடி ஆண்டவரிடம் கொட்டுங்கள். பதில் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்துவிடாமல், கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போங்கள்.

உங்களைப் படிக்க வைத்தவர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள். எழுந்து திரும்பி நின்று அவர்களுக்கு ஒருமுறை கைதட்டுங்கள். ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.