கித்தாரும் எதிரொலியும்



மலைச்சாரலில் நின்று குரல் கொடுத்தால், அக்குரல் சற்றுப் பொறுத்து மீண்டு வந்து நம் செவியில் விழுகின்றது. ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆகவே, 17 மீற்றர் தொலைவிலுள்ள சுவரிற் பட்டுத் திரும்பும் ஒலி, ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு பிந்தி நம்மை வந்தடையும். இந்நிகழ்ச்சியைக் காலடியில் வைக்கத்தக்க சிறு பெட்டியொன்றினுள் அடக்கியதே, மின்கித்தார் வாசிப்போர் 'டிலே பெடல்' என வழங்கும் எதிரொலிக் கருவியாகும்.

முன்னர் இதற்குக் காந்த நாடாவே பயன்பட்டது. நாடாவிற் பதிந்த ஒலி, அது சற்று நகர்ந்தபின் மீட்டொலிக்கப்பெற்றது. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த எக்கோபிளெக்ஸ் இவ்வகையினது. 1969இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்திற் பிறந்த மின்சுற்று வேறுவழி காட்டிற்று. தீயணைக்க வரிசையாய் நிற்போர் வாளியைக் கைமாற்றுவதுபோல, அது மின்னேற்றத்தைப் படிப்படியாகக் கடத்திற்று. பெட்டியும் சிறிதாயிற்று. இவ்வகை ஒப்புமைக் கருவிகளில் எதிரொலி மீளுந்தோறும் மங்கி மென்மையுறும். 1980களிற் பரவிய இலக்கமுறைக் கருவிகளிலோ அது தெளிவு குன்றாது நெடுநேரம் பிந்தியும் ஒலிக்கும்.

இவற்றுள் எதை வாங்குவது? பிள்ளையின் ஆசைக்காகப் பெற்றோர் அரிதிற் சேர்த்த பணத்தைச் செலவிடும் பொருளாதலின், முதலிற் பயனை உசாவுதல் வேண்டும். ஏறத்தாழ 100 மில்லிசெக்கன் பிந்திய ஒற்றை எதிரொலியே போதுமெனின், எளிய ஒப்புமைக் கருவி சாலும். தாளத்தோடு இணைந்த நீண்ட எதிரொலி வேண்டுவோர், காலால் தட்டி நேரத்தைக் குறிக்கும் வசதியுள்ள இலக்கமுறைக் கருவியை நாடலாம். பெரும்பாலானவை 9 வோல்ற்று மின்சாரத்தில் இயங்குவன. எனினும், வழங்கியின் நேர், எதிர் முனைகள் கருவிக்குப் பொருந்துமா என்று பார்த்தே இணைத்தல் வேண்டும்.

கருவியில் முக்கியமான குமிழ்கள் மூன்று. ஒன்று எதிரொலி பிந்தும் நேரத்தையும், மற்றொன்று அது மீளும் தடவைகளையும், மூன்றாவது அதன் உரப்பையும் ஆளும். நேரத்தைக் கணிப்பது எளிது. 60,000ஐ நிமிடத்திற்குரிய தாளத்தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு தட்டின் மில்லிசெக்கன் கிடைக்கும். நிமிடத்திற்கு 120 தட்டுகளெனின் 500. அதில் முக்காற்பங்காகிய 375ஐ வைத்தால், எதிரொலி தட்டுகளுக்கிடையே புகுந்து துள்ளி நடக்கும். அயர்லாந்தின் யூ2 குழுவைச் சேர்ந்த எட்ஜ் என்னும் கலைஞர் இம்முறையாற் புகழ்பெற்றவர்.

ஒலியைக் கரகரப்பாக்கும் கருவியும் உடனிருப்பின், அதை முன்னும் எதிரொலிக் கருவியைப் பின்னும் வைப்பதே பொதுவழக்கு. மாற்றி வைத்தால் மூல ஒலியும் எதிரொலியும் ஒருங்கே கலங்கித் தெளிவிழக்கும்.

இறுதியாக மாணவர்க்கு ஒரு சொல். மூன்றாம் குமிழைத் தாழ்த்தியே தொடங்குங்கள். எதிரொலியை மிகுத்தால் விரலின் குறை தற்காலிகமாக மறையலாம், திருந்தாது. அளவோடு வைத்தாலோ, தாளம் பிசகியவிடத்தை அது உடனே காட்டிக்கொடுக்கும். ஆதலால், கருவியின்றிச் செவ்வையாக வாசித்த பகுதியையே கருவியோடு வாசியுங்கள். கைப்பழக்கம் சீராயிருப்பின் எதிரொலியும் சீராயிருக்கும்.