தாய்த் தொடர் நின்ற பின்பு

பேய்க் கதையும் விஞ்ஞானக் கதையும் ஒன்றுக்கொன்று பகை என்றே பலரும் கருதுவர். ஆயினும் இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டில் மிகக் குறைந்த பொருட்செலவில் உருவான ‘டீமோஸ் ரைசிங்’ என்னும் சிறு படம் இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டது. அது தோன்றிய வரலாறு, அதன் கதையினும் சுவை மிக்கது.

பி.பி.சி. நிறுவனம் 1963இல் ‘டாக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானத் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கிற்று. அதில் 1971இல் ஐந்து பகுதிகளாக வந்தது ‘தி டீமன்ஸ்’ என்னும் கதை. அதன் வெளிப்புறக் காட்சிகள் வில்ட்ஷயரிலுள்ள ஆல்ட்போர்ன் சிற்றூரில் எடுக்கப்பட்டன. சூனியம், பலிபீடம், கொம்புடைய சாத்தான் ஆகிய யாவும் அக்கதையில் உண்டு. ஆனால் அந்தச் சாத்தான் வேற்றுலகிலிருந்து வந்த உயிரினம் என்றும், அதன் அறிவாற்றலையே மாந்தர் மந்திரம் என மயங்கினர் என்றும் கதை விளக்கிற்று. அச்சத்தை அது அழிக்கவில்லை; அச்சத்திற்குக் காரணம் காட்டிற்று.

1989இல் பி.பி.சி. அத்தொடரை நிறுத்திவிட்டது. நாயகனான டாக்டர் அந்நிறுவனத்தின் உடைமை. ஆதலால் பிறர் அவரைக் கையாள இயலாது. எனினும் எழுத்தாளர்கள் தாம் படைத்த சில பாத்திரங்களின் உரிமையைத் தம்மிடமே வைத்திருந்தனர். அவர்களிடம் இசைவு பெற்று, தொடரின் அன்பர்கள் சிறு படங்களை எடுத்து வீடியோவாக விற்றனர். அவ்வாறு 1995இல் வந்தது ‘டவுன்டைம்’. மூலத் தொடரில் புகழ் பெற்ற பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டுவர்ட்டுக்குக் கேட் என்றொரு மகளை அப்படத்தில் படைத்தவர் மார்க் பிளாட். 1971ஆம் ஆண்டுக் கதையை இயக்கிய கிறிஸ்டபர் பாரியே இப்படத்தையும் இயக்கினார்.

அக்கேட்டையும், பழைய டீமன்களையும் இணைத்து டேவிட் ஜே. ஹௌ எழுதி, கீத் பார்ன்ஃபாதர் இயக்கியதே ‘டீமோஸ் ரைசிங்’. படைப்பணியிலிருந்து விலகித் தனித்து வாழும் கேவண்டிஷ் என்பவரைக் குரல்களும் உருவங்களும் வருத்துகின்றன. அவர் அழைக்க, கேட் வருகிறாள். ஆவியாய்த் தோன்றுவது இறந்தகாலத்தின் நிழல் அன்று, எதிர்காலத்தின் எச்சரிக்கை. விண்கலமும் பெரும்படையும் இல்லை. ஒதுங்கிய ஒரு வீடும் விரல்விட்டு எண்ணத்தக்க நடிகர்களும் போதுமானவையாயின. விண்வெளியைக் காட்டப் பொருள் வேண்டும். இருளையும் மௌனத்தையும் காட்ட அவ்வளவு வேண்டியதில்லை. ஆகையால் சிறு முதலுடையோர் பேய்க் கதையை நாடியது அறிவுடைமையேயாகும்.

இத்தகைய முயற்சிகளில் நடிப்பிலும் ஒளியிலும் குறைகள் காணலாம். தாய்த் தொடரின் பெருமையை நம்பிப் பிழைக்கும் கிளைகள் என்று சிலர் இவற்றை இகழ்வதுமுண்டு. ஆயினும் பின்னர் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். பி.பி.சி. தன் தொடரை 2005இல் மீண்டும் தொடங்கியது. 2012இல் ‘தி பவர் ஆஃப் த்ரீ’ என்னும் பகுதியில் பிரிகேடியரின் மகள் கேட் தோன்றினாள். ஜெம்மா ரெட்கிரேவ் அவ்வேடத்தை ஏற்றார். சிறு வீடியோப் படத்தில் பிறந்து, ‘டீமோஸ் ரைசிங்’கில் வளர்ந்த பாத்திரம், பெரு நிறுவனத்தின் வாயிலுக்குள் வரவேற்கப்பட்டது.

கிளை தாய்மரத்தை உண்டு வாழ்வது இயல்பு. இங்கோ, மரம் உறங்கிய காலத்தில் கிளை தளிர்த்து, மரம் விழித்தபோது அதற்கே ஒரு மலரை அளித்தது. ஒரு கதையின் உரிமை ஏட்டில் எவர் பெயரில் இருப்பினும், அதன் உயிர், அதைக் கைவிடாதவரிடத்தேதான் தங்குகிறது.