சிஸ்டரைக் கேளுங்கள்

டியூட்டி முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் என் செவிலியர் சகோதரிகளே!

இன்று மே 12. 1820-இல் இதே நாளில் பிறந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கேந்திய மங்கை என்று சொல்லிச் சொல்லியே அந்த அம்மையாரை விளக்கோடு நிறுத்திவிட்டோம். அவர் கையில் கணக்கும் இருந்தது! கிரிமியப் போரில் காயம்பட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம் என்று வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

மருத்துவமனைக்குத் தரம், தரம் என்கிறார்கள் சிலர். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். பளிங்குத் தரையாம், வாசலில் சான்றிதழ்ப் பலகையாம். ஐயா, படுக்கைப்புண்ணைப் பளிங்கு ஆற்றுமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும், ஆள்!

என் அம்மா பக்கவாதத்தில் கிடந்தபோது ஒரு சகோதரி இருந்தார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். வார்டு நிறைய நோயாளிகள். இரவு டியூட்டிக்கு அவர் ஒருத்தர்தான். திரையை இழுத்துவிட்டுத்தான் துணியில் கை வைப்பார். "அம்மா, இப்ப இடப்பக்கம் திருப்பப் போறேன்" என்று, பேச்சே வராத என் தாயிடம் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். நல்ல நர்சிங் என்றால் என்னம்மா என்று கேட்டேன். "நேரம்ணே" என்றார். "ஊசி, மாத்திரையெல்லாம் எப்படியும் குடுத்துடுவோம். அஞ்சாம் பெட் தாத்தா என்னமோ சொல்ல வந்தாரு, நின்னு கேக்க முடியலை. வீட்டுக்குப் போனாலும் அதுதான் மனசுல நிக்குது."

தரத்தை அளக்கிற எந்தப் படிவத்தில் இருக்கிறது இதற்கான கட்டம்? முடிக்காமல் விட்ட வேலை மனதை அறுக்கிறதே, அங்கேதான் இருக்கிறது தரம்!

அந்தச் சகோதரிக்குத் தொகுப்பூதியம். நெஞ்சு கொதிக்கிறது. 2020 மே மாதம், கொரோனா நேரத்தில், ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனைகள்மீது பூத் தூவினார்கள். கவச உடைக்குள் வியர்வையில் ஊறி நின்றவர்களைத் தேவதைகள் என்றார்கள். அந்தத் தேவதைகள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபோது எங்கே போனார்கள் பூத் தூவியவர்கள்?

போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. என் அந்தச் சகோதரியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அழுதுவிடுவார்.

ஆட்சியில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காலியிடங்களை நிரப்புங்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்குக் காலமுறை ஊதியம் கொடுங்கள். அடுத்த முறை தரத்தை அளக்கக் குழு போட்டால், இரவு டியூட்டி பார்க்கிற ஒரு சிஸ்டரை அதில் உட்காரவையுங்கள்!