பாதை திரும்பினால் போதுமா?

 

லினக்ஸ் சர்வரில் வட்டு இணைப்பு அறுந்தபின் மாற்றுப் பாதைகளை மீட்பது பற்றிப் பேச இந்தக் கருத்தரங்கில் நாம் கூடியிருக்கிறோம். நோயாளியின் பதிவேடும் வங்கிக் கணக்கும் தேர்வு முடிவும் இன்று சேமிப்பகப் பெட்டிகளில் இருக்கின்றன. சர்வரிலிருந்து அந்தப் பெட்டிக்கு இரண்டு ஸ்விட்சுகள் வழியாக நான்கு பாதைகள் போட்டால், ஒரே வட்டு கர்னலுக்கு நான்கு வட்டுகளாகத் தெரியும். நான்கையும் ஒன்றாகக் கோப்பது டிவைஸ் மேப்பரின் மல்டிபாத் பகுதி. 2005 முதல் அது கர்னலிலேயே இருக்கிறது. கிறிஸ்டோஃப் வரோக்கி தொடங்கிவைத்த மல்டிபாத்-டூல்ஸ் தொகுப்பும், அதிலுள்ள மல்டிபாத்டி என்ற பின்னணி நிரலும் பாதைகளைக் காவல் காக்கின்றன. இயல்பான அமைப்பில் 5 நொடிக்கு ஒருமுறை தொடங்கும் சோதனை, பாதை நலமாக இருக்க இருக்க 20 நொடி வரை இடைவெளி விடும்.

நான்கில் ஒரு பாதை அறுந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே வேலை நடக்கும். எல்லாப் பாதையும் ஒருசேர அறுந்து, சிறிது நேரம் கழித்துத் திரும்பும்போதுதான் சோதனை. பாதை திரும்பியதையே மீட்பு என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது மட்டும் போதாது. காலக்கெடுக்கள் ஒத்துப்போக வேண்டும். திரும்பி வந்தது பழைய வட்டுதானா என்று உறுதிப்பட வேண்டும். கோப்பு முறைமை நலமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடியதே மீட்பு என்பது என் முடிபு.

முதலில் காலக்கெடு. நெட்வொர்க் வழியே வட்டை இணைக்கும் ஐஸ்கஸி இணைப்பு அறுந்தால், இயல்பான அமைப்பில் 120 நொடி காத்திருந்த பிறகே பிழை மேலே வரும். அந்த இரண்டு நிமிடமும் மாற்றுப் பாதை சும்மா கிடக்கும். மல்டிபாத் உள்ள இடத்தில் அதை 5 நொடி அளவுக்குக் குறைப்பது நல்ல வழக்கம். எல்லாப் பாதையும் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். எல்லையின்றிக் காத்திருக்கச் சொன்னால் நிரல்கள் உறைந்து நிற்கும். கொல்லவும் முடியாது, சர்வரை ஒழுங்காக நிறுத்தவும் முடியாது. உடனே பிழை தரச் சொன்னால் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை படிப்பதற்கு மட்டும் என்று மாறிவிடலாம். எக்ஸ்எஃப்எஸ் முறைமை தன்னை மூடிக்கொள்ளும். 5 நொடி இடைவெளியில் 12 முயற்சி என்று வைத்தால் சுமார் ஒரு நிமிட அவகாசம் கிடைக்கும். உங்கள் ஸ்விட்ச் மறுதொடக்கத்துக்கு அது போதுமா என்று அளந்து பார்த்தே எண்ணை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது அடையாளம். கர்னல் வட்டுகளுக்கு வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் நிலையற்றவை. ஃபைபர் சேனலில் நெடுநேரம் காணாமற்போன வட்டைக் கர்னல் நீக்கிவிடும். திரும்பும்போது அது வேறு பெயரில் வரலாம். வட்டு தானே சொல்லும் உலகளாவிய அடையாள எண்ணே நம்பத்தக்கது. இணைப்பு அறுந்திருந்த நேரத்தில் சேமிப்பகத்தில் வட்டைக் குறிக்கும் அதே லன் எண்ணை வேறொரு வட்டுக்கு ஒதுக்கிவிட்டால், பழைய பாதை வழியே புதிய வட்டு வந்து நிற்கும். சரிபாராமல் சேர்த்தால் ஒருவர் தரவின் மேல் இன்னொருவர் தரவு எழுதப்படும். பாதை மீளும்போது அந்த எண்ணை மீண்டும் சரிபார்க்கும் வசதி அண்மைப் பதிப்புகளில் உண்டு. நாமாக இயக்கினால்தான் அது வேலை செய்யும்.

மூன்றாவது, கோப்பு முறைமையின் நலம். அதைக் காப்பது மீட்பின் வரிசை. கேபிளையும் ஸ்விட்ச் பதிவையும் முதலில் பாருங்கள். கர்னல் ஆஃப்லைன் என்று குறித்த வட்டை இயங்கும் நிலைக்குத் திருப்புங்கள். நீக்கப்பட்டிருந்தால் ஹோஸ்டை மறுவருடல் செய்யுங்கள். அடையாள எண்ணை ஒப்பிட்டு, எல்லாப் பாதையும் செயலில் இருப்பதை மல்டிபாத் பட்டியலில் உறுதிசெய்த பிறகே கோப்பு முறைமையைத் தொடுங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் கழற்றி மீண்டும் ஏற்றினால் ஜர்னல் தானே நேர்செய்துகொள்ளும். அவசரத்தில் ஜர்னலை அழித்துப் பழுதுபார்ப்பவர்கள், பிழைத்திருக்கக்கூடிய தரவையும் இழக்கிறார்கள்.

என்விஎம்இ வட்டுகளுக்கு கர்னல் 4.15 முதல் தனி மல்டிபாத் வசதி வந்துவிட்டது. அதன் காலக்கெடுக்களும் மீட்பு முறையும் வேறு. விட்டுவிட்டு வரும் பாதை, முற்றிலும் அறுந்த பாதையைவிடத் தொல்லை தரும். இவ்விரண்டையும் இந்த அரங்கு விரிவாக ஆராய வேண்டுகிறேன். கட்டுரை படிப்போர் கர்னல் பதிப்பையும் அமைப்பு மதிப்புகளையும் மீட்புக்கு ஆன நொடிகளையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றவர்கள் சோதித்துப் பார்க்க முடியும். கல்லூரி ஆசிரியர்கள் இதை ஆய்வகப் பயிற்சியாக்க வேண்டும்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்தச் சர்வரையும் பயன்பாட்டுக்கு விடுமுன், எழுதும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். எல்லாப் பாதையையும் அறுத்துப் பாருங்கள். மீண்ட விதத்தை எழுதிவையுங்கள். சோதிக்காத மாற்றுப் பாதையை நம்பி மக்களின் தரவை ஒப்படைக்காதீர்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.